புக்கிட் கெலாடியின் நாலாவது கட்டம்

மலேசியாவின் புக்கிட் கெலாடிச் செம்பனைத் தோட்டத்தில் குலைகளுக்கு எடை எழுதும் எடைமேடைக் கிராணி குமுதவல்லி, தன் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் யோசிக்காமல் வாயைத் திறந்தாள். திறந்த இடம் மாரியம்மன் கோயில். திறந்த நேரம், தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்த நேரம். அதுதான் வினையாகப் போயிற்று.

விஷயம் இதுதான். ஆற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பம்பு, போன வருஷத் திருவிழாவின் கடைசி நாளில், சாமியாடிக் களைத்தவர்கள் குளிக்கப் போன சமயம் பார்த்து, இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நின்றது நின்றதுதான். அன்று முதல் தண்ணீர் லாரிதான் கதி. கோலா சாவா பக்கமிருந்து சில நாள் வரும், சில நாள் வராது. வந்துவிட்டால் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். டங் என்ற சத்தம் கேட்டதும் அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தும், தூங்குகிற நாய் எழுந்து நிற்கும், தோட்டமே வாளியும் கையுமாக ஓடும்.

கோயில் கூட்டத்தில் தாயம்மா எழுந்து நின்றாள். தாயம்மா மருந்தடிக்கும் பெண்களுக்குத் தலைவி. அவள் எழுந்தால் கோயில் தலைவர் உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

"வர்ற ஆடிக்கு கிள்ளான், சிரம்பான், சிங்கப்பூர்னு சனமெல்லாம் வந்து நிக்கும். குளிக்கத் தண்ணி இல்லாம எப்படிலா தீச்சட்டி எடுக்கறது? யாராச்சும் ஒரு ஆம்பள பதில் சொல்லுங்க."

ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். அந்த மௌனம் தாங்காமல்தான் குமுதவல்லி வாயைத் திறந்தாள்.

"கொடியேத்தத்துக்குள்ள பம்பு வந்துரும் அத்தை. நான் பொறுப்பு."

சொன்னதோடு விட்டிருக்கலாம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தாள். கை சுட்ட பிறகுதான், பம்பு வாங்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. எடைமேடைக் கிராணிக்கு உள்ள அதிகாரம் லாரியை நிறுத்துவது, பிறகு போகச் சொல்வது. அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். அவர் சிரம்பானில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டவர். தோட்டத்து பங்களா பூட்டிக் கிடக்க, தினமும் காரில் வந்து போகிறவர். தண்ணீர்ப் பிரச்சினையை அவர் காதால் கேட்டிருக்கிறாரே தவிர, தலையில் ஊற்றிப் பார்த்ததில்லை.

"பம்பா? அது ஹெட் ஆபீஸ் சமாச்சாரம்மா. அடுத்த வாரம் போர்ட்டிக்சன் ஹோட்டல்ல 'அஜைல்'னு ஏதோ புது வேலைமுறைக்கு ட்ரெயினிங். ஹெட் ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க, எனக்கு முதுகு வலி. நீ போய்க் கேளு."

இப்படியாகக் குமுதவல்லி பம்பு கேட்கப் போனாள். அஜைல் கோச்சாகத் திரும்பி வந்தாள்.

*

ஹோட்டல் மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் நிஷாந்தன் என்பவர் வெள்ளைக் காலணியோடு நின்றார். கோலாலம்பூரிலிருந்து வந்த தலைமை கோச். பேட்ஜில் அவர் பெயர் ஒரு வரி, படித்த சான்றிதழ்கள் நான்கு வரி.

"ஃப்ரெண்ட்ஸ், இந்தக் கம்பெனில முன்ன ஒரு முடிவு எடுக்கணும்னா ஏழு பேர் கையெழுத்துப் போடணும். அந்த ஏழு பேரையும் நாங்க தூக்கிட்டோம். இப்ப யாருமே முடிவு எடுக்கறதில்ல!"

கைதட்டல்.

"நான் ரொம்ப வருஷம் பேங்க்ல இருந்தேன். அங்க என்னை வேலை செய்யச் சொன்னாங்க. எனக்கு அது செட் ஆகல. அப்பறம்தான் புரிஞ்சுது, வேலை செய்யறவங்களுக்கு எப்படி வேலை செய்யறதுன்னு சொல்லித் தர்றதுதான் என்னோட பிறவிப் பயன். ஒரு நல்ல கோச் எதையும் செய்யமாட்டான். பதில்கூடச் சொல்லமாட்டான். கேள்வி மட்டும்தான் கேப்பான்."

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "உங்க வலி எது?"

மேனேஜர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். குமுதவல்லிக்கு இந்த மௌனம் பழக்கமானது. கையைத் தூக்கினாள்.

"சார், எங்க தோட்டத்துல பம்பு உடைஞ்சு போச்சு. புதுசு வேணும்."

நிஷாந்தன் கண்ணைத் திறந்தார். கலங்கியிருந்தது. "பியூட்டிஃபுல்" என்றார். ஒரு மஞ்சள் சீட்டில் 'பம்பு' என்று எழுதி, மூன்று கட்டம் போட்ட பலகையில் 'செய்ய வேண்டியது' என்ற முதல் கட்டத்தில் ஒட்டினார். அடுத்த கட்டம் 'நடக்கிறது'. கடைசிக் கட்டம் 'முடிந்தது'. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எடைமேடையிலிருந்து குமுதவல்லி எழுதிய கடிதங்களுக்கு இதுவரை யாரும் கைதட்டியதில்லை.

மாலையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோச் தேர்ந்தெடுத்தார்கள். புக்கிட் கெலாடிக்குப் போட்டி இல்லை. அங்கே வாயைத் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

*

கோச்சாக அவள் செய்ய வேண்டிய முதல் காரியம் பெரட்டை ஒழிப்பது.

விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிறது. அது அடிமைத்தனத்தின் மிச்சம் என்று தலைமையகம் கண்டுபிடித்திருந்தது. அதற்குப் பதிலாக இனி எல்லாரும் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் கூடி, நின்றபடியே, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடங்கல் என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர்.

மண்டோர் அமிர்தலிங்கத்துக்கு மீசையும் கோபமும் ஒரே அளவு. அவர் கேட்டார்: "ஏம்மா குமுதா, இவ்வளவு நாளா பெரட்டுல நாங்க என்னா, படுத்துக்கிட்டா இருந்தோம்?"

"அது வேற மாமா. அதுல நீங்க சொல்வீங்க, அவங்க கேப்பாங்க. இதுல யாரும் சொல்லமாட்டாங்க."

"அப்ப கேக்கறது?"

"அதுவும் கிடையாது மாமா. பகிர்ந்துக்கறது."

முதல் நாள் ஸ்டாண்ட்-அப்பைத் தலைமையகம் திரையில் பார்த்தது. இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த அறுவடைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மலாய் மொழியில் பணிவாகச் சொன்னார்: நேற்று குலை வெட்டினேன். இன்று குலை வெட்டுவேன். தடங்கல், இந்த மீட்டிங். திரையிலிருந்து நிஷாந்தன், "வாவ், என்ன நேர்மை!" என்று கைதட்டினார். மீட்டிங் நீண்டது. வெயில் ஏறியது.

மறுநாள் முதல் அமிர்தலிங்கம் ஒரு காரியம் செய்தார். பழைய ரப்பர் பால் கொட்டகையின் பின்புறம், பொழுது புலருமுன், எல்லாரையும் ரகசியமாக வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். சாதாரணமாக இடிமாதிரி கூப்பிடுகிறவர், இப்போது காதோடு காதாகக் கூப்பிட்டார். ஆட்களும் "இருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குக் கள்ளப் பெரட்டு என்று பெயர் வந்தது. பாதி வேலையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்து, ஏர்கோண்ட் குளிரில் வியர்வை காய, பகிர்ந்துகொண்டார்கள். குமுதவல்லிக்கு இது தெரியும். நல்ல கோச் எதையும் செய்யமாட்டாள் என்பதால் அவளும் எதையும் செய்யவில்லை.

அடுத்து, ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்பதைச் சட்டை அளவில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. சின்ன வேலை எஸ், பெரியது எல், மிகப் பெரியது எக்ஸ்எல். இதைக் கேட்ட அமிர்தலிங்கம், திருவிழா வருகிறது, கம்பெனி சட்டை கொடுக்கப் போகிறது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஓசிச் சட்டையைச் சின்னதாகக் கேட்கிற மனிதன் புக்கிட் கெலாடியில் பிறக்கவில்லை. கேட் சாத்துவது எக்ஸ்எல். நாயை விரட்டுவது எக்ஸ்எல். மேனேஜர் மேசையைத் துடைப்பது இரண்டு எக்ஸ்எல், ஒன்று மச்சானுக்கு. நாட்டிலேயே மிகக் கடினமான வேலைகள் புக்கிட் கெலாடியில்தான் நடக்கின்றன என்று தலைமையகம் முடிவுக்கு வந்து, பாராட்டாக நிஜமாகவே சட்டைகளை அனுப்பிவைத்தது. மார்பில் 'நாங்கள் அஜைல்' என்று அச்சடித்திருந்தது. மருந்தடிக்கும் பெண்கள் அவற்றைத் தண்ணீர் லாரியின் குழாய் வாயில் கட்டிச் செம்மண்ணை வடிகட்டினார்கள். துணி நல்ல துணி.

*

பம்பு?

ஹோட்டலிலிருந்து கொண்டுவந்து ஆபீசில் மாட்டிய பலகையில் பம்புச் சீட்டு 'நடக்கிறது' கட்டத்துக்கு வந்த அன்று குமுதவல்லி கோயிலில் தேங்காய் உடைத்தாள். அதற்கு அடுத்த வாரமே நிஷாந்தன் தோட்டத்துக்கு வந்து, சீட்டைப் பிய்த்து 'முடிந்தது' கட்டத்தில் ஒட்டினார். சந்தோஷம் தாங்காமல், "ஒரு வேலை முடிஞ்சா கொண்டாடணும்! இங்க மணி இருக்கா?" என்று வெளியே வந்து, தண்டவாளத் துண்டை டங் டங் டங் என்று அடித்தார்.

தோட்டமே வாளியோடு ஓடிவந்தது. தாயம்மா பாதி எண்ணெய் தேய்த்த தலையோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"லாரி எங்க?"

"லாரி இல்லம்மா" என்றார் நிஷாந்தன். "பம்பு முடிஞ்சிருச்சு!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி குழாயைத் திறந்தாள். குழாய் ஒரு பல்லியை வெளியே தள்ளிவிட்டு மௌனமானது.

குமுதவல்லி நிஷாந்தனைத் தனியே அழைத்துப்போனாள். "சார், பம்பு இன்னும் வரலியே?"

"வல்லி, அந்தச் சீட்டோட வேலை பம்பு வாங்கறது இல்ல. பம்பைப் பத்தி உரையாடல் தொடங்கறது. உரையாடினோமா?"

"உரையாடினோம்."

"அப்ப முடிஞ்சுதா?"

கேள்வி மட்டும் கேட்கிறவரோடு பேசுவதில் உள்ள கஷ்டம் இது. வாசலில் தாயம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏண்டி, பம்பு எப்பத்தான் வரும்?"

குமுதவல்லி பயிற்சியில் படித்ததை ஒருமுறை முயன்று பார்த்தாள். "நீங்க எப்ப வரும்னு நினைக்கிறீங்க அத்தை?"

வாளி அவள் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. காலி வாளிதான். அந்த வகையில் தண்ணீர்ப் பஞ்சம் அவளைக் காப்பாற்றியது.

அதன் பிறகு மணி அடிக்காத நாள் இல்லை. மேசை துடைத்தால் டங். மணி அடிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி, அது முடிந்ததற்கும் ஒரு டங். முதலில் பெண்கள் ஓடிவந்தார்கள். பிறகு நடந்து வந்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நாய்கூட ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. லாரி நிஜமாக வந்தால் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஆனாலும் கள்ளப் பெரட்டின் புண்ணியத்தில் குலைகள் நேரத்துக்கு எடைமேடைக்கு வந்தன. புக்கிட் கெலாடி கம்பெனியிலேயே முதலிடம் பிடித்தது. காரணம் கோச் என்று தலைமையகம் முடிவு செய்தது. குமுதவல்லி ரெம்பாவ், கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பெரிய கோச் ஆனாள். காரும் கொடுத்தார்கள். போன இடத்திலெல்லாம் பலகையைப் பார்த்தாள். ஒரு தோட்டத்தில் பாலம் 'முடிந்தது'. அவள் கார் ஓடையில் இறங்கித்தான் அங்கே போயிருந்தது. இன்னொரு தோட்டத்தில் கூரை 'முடிந்தது' என்றிருந்த சீட்டு, மழையில் நனைந்து தொங்கியது.

"சார், நான்தான் இப்ப பெரிய கோச் ஆச்சே. ஒரு பம்பு வாங்க நான் கையெழுத்துப் போடலாமா?" என்று போனில் கேட்டாள்.

நிஷாந்தன் பதறிப்போனார். "ஐயோ வல்லி! எடைமேடைல இருந்தப்பவாவது கேட்டிருந்தா யோசிச்சிருக்கலாம். நீ இப்ப ரொம்ப மேல இருக்கே. மேல இருக்கறவங்க எதையும் வாங்கக் கூடாது, அது கீழ இருக்கறவங்களோட சுதந்திரத்தைப் பறிக்கும்."

"கீழ இருக்கறவங்க வாங்கலாமா?"

"அவங்களுக்கு ஏது அதிகாரம்?"

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் ராத்தல் கல்லாய்க் கனத்தது. கோயில் பக்கம் போவதைக் குமுதவல்லி நிறுத்திவிட்டாள். சாமியைப் பார்க்கக் கூசியதைவிடத் தாயம்மாவைப் பார்க்கக் கூசியது.

*

கள்ளப் பெரட்டு எத்தனை நாள் ஒளியும்? விடிகாலையில் சூரியோதயம் படம்பிடிக்க வந்த நிஷாந்தன் கண்ணிலேயே பட்டுவிட்டது. அமிர்தலிங்கம் வேலை போயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிஷாந்தன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"தாங்களாவே விடியக்காலைல கூடி, தாங்களாவே வேலையைப் பிரிச்சுக்கறாங்க! இப்படி ஒண்ணை உலகத்துல யாருமே யோசிச்சதில்ல!"

ஒரு மாதத்துக்குள் 'பெரட்டு முறை' என்று பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டது. இனிமேல் சான்றிதழ் இல்லாமல் யாரும் பெரட்டு நடத்தக் கூடாது என்று விதி வந்தது. அமிர்தலிங்கமும் பரீட்சை எழுதினார். 'பெரட்டின் நோக்கம் யாது?' என்ற கேள்விக்கு 'எவன் வரலன்னு பாக்க' என்று எழுதித் தோற்றார். ஆனால் ஆட்களின் பெயர் அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், தன்னார்வத் தொண்டராகத் தொடர அனுமதித்தார்கள்.

இந்த அதிசயத்தைக் காணக் கம்பெனித் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ஹேமநாதனே பரிவாரத்தோடு வந்தார். வந்த நாள், கொடியேற்றத்துக்கு முந்திய நாள். பூட்டிக் கிடந்த பங்களாவுக்குச் சாயம் அடித்துப் பூச்சட்டி வைத்தார்கள். தண்ணீரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பலகையில்தான் பம்பு 'முடிந்தது' என்று இருக்கிறதே.

மாலை வரவேற்பில் டத்தோ பேசினார். "தண்ணிக் கஷ்டம் என்னான்னு எனக்கும் தெரியும். போன வருஷம் எங்க வீட்டு நீச்சல் குளத்தை ரிப்பேருக்காக இறைச்சிட்டோம். ஒரு மாசம் அதை வெறுமனே பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த வலியிலதான், இந்தப் பம்புச் சீட்டு முடிஞ்சுதுன்னு கேட்டப்ப கண்ணு கலங்கினேன்."

தாயம்மா கூட்டத்தில் நின்று குமுதவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் பால் கொட்டகைக்குப் பின்னால் பரிவாரம் கைப்பேசிகளோடு வரிசைகட்டியது. டத்தோவை மட்டும் காணோம். அமிர்தலிங்கம் பெயர் கூப்பிடத் தொடங்கினார். பல மாதமாகக் கிசுகிசுத்த குரல் அன்று மறுபடி இடியாக விழுந்தது. செம்பனை மரங்களிலிருந்து பறவைகள் எழும்பிப் பறந்தன.

அப்போது பனிமூட்டத்திலிருந்து ஓர் உருவம் தட்டுத்தடுமாறி வந்தது. இடுப்பில் துண்டு. தலை முதல் தொப்பைவரை சோப்பு நுரை. கண்கள் இறுக்க மூடியிருந்தன. பங்களாத் தொட்டியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர், சோப்புப் போடுகிறவரைக்கும்தான் போதுமானதாக இருந்திருக்கிறது.

அமிர்தலிங்கத்துக்குக் கண் கொஞ்சம் மங்கல். பெரட்டுக்குப் பிந்தி வருகிற ஒருவன் என்ற அளவுக்குத் தெரிந்தது.

"ஏய்! யாருலா அது, பெரட்டுக்குத் துண்டோட வர்றது? நில்லு வரிசையில!"

டத்தோ நின்றார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் நிற்கத்தான் தோன்றும்.

"நேத்து என்னா வேலை செஞ்ச?"

"மீட்டிங்..." என்றது நுரை.

"இன்னிக்கு?"

"மீட்டிங்."

"முந்தாநாளு?"

"இந்த மீட்டிங்கப் பத்தி மீட்டிங்."

"தொலைஞ்சுது போ. என்னா தடங்கல்?"

"தண்ணி! தண்ணி வரலலா! கண்ணு எரியுது!"

நிஷாந்தன் ஓடிவந்து காதருகில், "டத்தோ, தண்ணி போன மார்ச்லயே முடிஞ்சிருச்சு" என்று ஆறுதல் சொன்னார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய கோச்சைப் பார்த்தார்.

குமுதவல்லி முன்னால் வந்தாள். அவள் குத்தலாகக் கேட்டாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது சரியில்லை. பயிற்சியில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியேதான், குரலைத் தாழ்த்தி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டாள்:

"தண்ணி எப்ப வரும்னு நீங்க நினைக்கிறீங்க, டத்தோ?"

"பம்பு வாங்குங்கடா!" என்று டத்தோ அலறினார். "இப்பவே வாங்குங்க!"

கம்பெனியில் நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் ஒரு முடிவை எடுத்திருந்தார். பரிவாரத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாயம்மா வீட்டிலிருந்து குடிக்க வைத்திருந்த ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து டத்தோவின் கண்களை மட்டும் கழுவிவிட்டாள். மற்ற இடங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் சிரம்பானிலிருந்து பம்பு வந்து இறங்கியது. வெயில் தாழுமுன் பொருத்தினார்கள். குமுதவல்லி குழாயைத் திறந்தாள். முதலில் காற்று, அப்புறம் துரு, அப்புறம் பளிச்சென்று தண்ணீர். ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தாள். டங். டங். டங்.

ஒருவரும் வரவில்லை.

கை வலிக்க அடித்தாள். லயத்துக் கதவு ஒன்று பாதி திறந்தது. தாயம்மா தலை நீட்டினாள்.

"இப்ப என்னாத்த முடிச்சுட்டீங்க?"

"தண்ணி அத்தை! தண்ணி வந்துருச்சு!"

"சீட்டுலயா, கொழாயிலயா?"

குமுதவல்லி குழாயடிக்கு ஓடினாள். ஒரு வாளி நிறையப் பிடித்து, மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்து, தாயம்மாவின் வாசற்படியில் அப்படியே கவிழ்த்தாள். தாயம்மா நனைந்த காலைப் பார்த்தாள். குமுதவல்லியைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தம் மூன்று லயத்துக்கும் கேட்டது. அன்று கொடியேறியபோது கோயில் வாசலில் நின்ற சனம் முழுக்கக் குளித்த சனம். எல்லார் தலையிலும் ஈரம் சொட்டியது.

கொடியேற்றம் முடிந்து குமுதவல்லி ஆபீசுக்குப் போய்ப் பலகையின் முன்னால் நின்றாள். பம்புச் சீட்டை நகர்த்த இடமில்லை. அது மார்ச்சிலிருந்தே கடைசிக் கட்டத்தில் இருந்தது. கொஞ்சம் யோசித்து, மார்க்கரை எடுத்து, பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டாள். 'நிஜமாகவே முடிந்தது' என்று மேலே எழுதி, சீட்டை அதில் வைத்தாள். மறுநாள் கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு எடைமேடைக்கே திரும்பிப் போனாள். அங்கே லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை.

அந்தக் கட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டு போன நிஷாந்தன், 'நாலாம் கட்ட முறை' என்று ஒரு புதிய வகுப்பு நடத்துகிறார். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களிலும் இப்போது பலகைக்கு நான்கு கட்டம். அந்தப் படத்தைத் தலைமையகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அத்தனை பலகைகளையும் சேர்த்து, நாலாவது கட்டத்தில் இன்றுவரை ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது. காற்றில் விழுந்துவிடாமலிருக்க, தாயம்மா அதைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறாள்.